வெனிஸ் பிறந்த கதை: அட்டிலாவுக்குப் பயந்து ஓடியவர்கள் கட்டிய ஊரா?

நீர்வழி

வெனிஸ் பற்றித் தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் தொடக்கம் ஒன்றுதான். ஹூணர் தலைவன் அட்டிலா படையோடு வந்தான், மக்கள் உயிருக்குப் பயந்து கடலுக்குள் ஓடினார்கள், சேற்றில் மரம் அடித்து ஊர் கட்டினார்கள். மூன்று வரியில் கதை முடிந்து, நேரே மார்க்கோ போலோவுக்குப் போய்விடுவார்கள். நடுவில் இருக்கிற எண்ணூறு ஆண்டுகளை யாரும் தொடுவதில்லை. எனக்கு அந்த நடுப்பகுதிதான் பிடிக்கும். அதற்காகத்தான் இந்த இழை.

வெனிஸ்காரர்களே சொல்லிவந்த பிறந்தநாள் 421 மார்ச் 25. காயலுக்கு அருகே கரையில் இருந்த அக்விலேயா நகரை அட்டிலா அழித்தது 452இல். அதாவது ஓடி வந்தவர்கள் வருவதற்கு 31 ஆண்டுகள் முன்பே ஊர் பிறந்துவிட்டது! மார்ச் 25 என்பது மரியாளுக்கு வானதூதர் மங்களவார்த்தை சொன்ன திருநாள். பிற்காலத்தில் யாரோ பெருமைக்காக உட்கார்ந்து பார்த்துவைத்த நாள் என்பது தெளிவாகவே தெரிகிறது.

நான் நினைப்பது இதுதான். வெனிஸை ஒரு நாளில் யாரும் தொடங்கவில்லை. காயலில் மீன் பிடித்து, உப்பு விளைத்து, படகு ஓட்டிப் பிழைத்த சிற்றூர்கள் முன்பே இருந்தன. அந்தப் பகுதி பைசாந்தியப் பேரரசின், அதாவது கான்ஸ்டான்டினோபிளில் இருந்து ஆண்ட கிழக்கு ரோமானியப் பேரரசின், கடைக்கோடி எல்லை. பேரரசின் பிடி தளரத் தளர, அந்தச் சிற்றூர்களுக்குள் ஒன்று மற்றவற்றை மிஞ்சி மேலே வந்தது. இன்று நாம் வெனிஸ் என்று சொல்லும் ரியால்டோ தீவுகள் தலைமையிடம் ஆனதே 810ஐ ஒட்டித்தான். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

பழம்பட்டயம்

நீர்வழி சார், 421 கட்டுக்கதை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அகதிகளை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். அட்டிலாவைத் தள்ளிவைத்துவிட்டு 568ஐப் பாருங்கள். அந்த ஆண்டு லொம்பார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆல்போயின் தலைமையில் இத்தாலிக்குள் நுழைந்தார்கள். ஹூணர்கள் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள். ஓடியவர்கள் ஊர் திரும்பியிருக்கலாம். லொம்பார்டுகள் அங்கேயே தங்கி ஆண்டார்கள். திரும்பிப் போக வீடு இல்லை. அக்விலேயாவின் பேராயர் பவுலினுஸ் கோவில் செல்வங்களை எடுத்துக்கொண்டு கிராடோ தீவுக்குப் போனதும் அப்போதுதான்.

அடுத்த அலை 639. பைசாந்தியரிடம் மிஞ்சியிருந்த ஒதெர்சோ நகரம் லொம்பார்டுகளிடம் விழுந்தது. டோர்செல்லோ தீவில் மரியாள் பேராலயத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதன் ஆண்டும் 639தான். பேரரசர் ஹெராக்கிளியஸ் பெயர், பேரரசரின் ஆளுநராக ரவென்னாவில் இருந்து இத்தாலியை ஆண்ட எக்ஸார்க் ஈசாக்கின் பெயர், படைத்தலைவர் மௌரிசியுஸ் பெயர், ஆயர் மௌருஸ் பெயர் எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. காயலில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்று இதுதான்.

நகரம் விழுகிறது, ஆயர் இடம்பெயர்கிறார், அவர் பின்னால் மக்கள் போகிறார்கள், புதிய இடத்தில் கோவில் எழும்புகிறது. இதை அகதிகள் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நீர்வழி

நல்ல சான்று கொண்டுவந்தீர்கள். அதே கல்வெட்டை நான் இப்படிப் படிக்கிறேன்: கோவில் கட்ட உத்தரவு கொடுத்தவர் எக்ஸார்க். பக்கத்தில் நிற்பவர் படைத்தலைவர். திக்கற்று ஓடிவந்த கூட்டம் தானாகக் கட்டிக்கொண்டதாக அதில் எதுவும் இல்லை. பேரரசு தன் எல்லையைக் கரையிலிருந்து தண்ணீருக்குள் நகர்த்திக்கொண்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒதெர்சோ மக்கள் போய்ச் சேர்ந்த ஊருக்குப் பேரரசர் நினைவாகவே எராக்கிளேயா என்று பெயர் வைத்தார்கள்.

அளத்தூரான்

தூத்துக்குடிப் பக்கம் இருந்து எழுதுகிறேன், எங்கள் குடும்பத் தொழில் உப்பளம். கோட்டை, ஆயர், பேரரசர் என்று எல்லாரும் பேசுகிறீர்கள். அந்தச் சேற்றில் மனுசன் எதைத் தின்று பிழைத்தான் என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

537, 538 வாக்கில் காசியோடோருஸ் என்ற உயர் அதிகாரி காயல்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இத்தாலியை அப்போது ஆண்ட கோத்தியரின் அரசு அலுவலர் அவர். காயலுக்குக் கிழக்கே இருக்கும் இஸ்திரியா தீபகற்பத்தில் விளைந்த திராட்சை மதுவையும் எண்ணெயையும் உங்கள் படகில் ஏற்றி ரவென்னாவுக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் விஷயம். அதைச் சொல்லும்போதே அவர்கள் வாழ்க்கையையும் வர்ணிக்கிறார். வீடுகள் நீர்ப்பறவைக் கூடு போல அலைக்கு நடுவே நிற்கின்றன. வீட்டுச் சுவரில் மாட்டைக் கட்டுவது போலப் படகைக் கட்டிவைத்திருக்கிறார்கள். பணக்காரனும் ஏழையும் ஒரே மீனைத்தான் தின்கிறார்கள். கடல் கொந்தளித்தால் ஆற்று வழியே போகிறார்கள், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் படகு புல்வெளியில் நகர்வது போலத் தெரியுமாம்.

அப்புறம் வருகிறது என் தொழில். ஏருக்கும் அரிவாளுக்கும் பதிலாக நீங்கள் உருளையை உருட்டுகிறீர்கள், உங்கள் விளைச்சல் எல்லாம் அதிலிருந்துதான், தங்கம் வேண்டாம் என்பவன்கூட இருக்கலாம், உப்பு வேண்டாம் என்பவன் இல்லை என்ற பொருளில் எழுதுகிறார். அந்த உருளை எதற்கு என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாத்தியின் தரை இறுகினால்தான் வெள்ளை உப்பு எடுக்கலாம், இல்லாவிட்டால் வாரும்போது சேறும் சேர்ந்து வரும். எங்கள் பக்கம் அதைக் காலால் மிதித்து இறுக்குவார்கள்.

இந்தக் கடிதம் லொம்பார்டுகள் வருவதற்கு 30 ஆண்டுகள் முந்தையது. அகதி அலை வரும் முன்பே காயலில் உப்பளம் உண்டு, படகு உண்டு, அரசாங்கமே சரக்கு ஏற்றச் சொல்லும் அளவுக்கு மாலுமிகள் உண்டு. வந்தவர்கள் வெறும் சேற்றில் வந்து இறங்கவில்லை, ஏற்கெனவே வாழ்ந்தவர்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

பழம்பட்டயம்

அளத்தூரான் அண்ணாச்சி, கடிதத்தை அழகாகச் சொன்னீர்கள். ஒன்று மட்டும். காசியோடோருஸுக்கு அப்போது அவர்களுடைய படகு தேவைப்பட்டது. காரியம் ஆக வேண்டியவர் எழுதிய புகழ்ச்சி அது. ஏழையும் பணக்காரனும் சமமாக வாழ்ந்தார்கள், பொறாமையே இல்லை என்பதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிற்கால வெனிஸ்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பிறவியிலேயே சுதந்திரர்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். கடிதம் போனது ‘கடல்சார் ட்ரிபூன்’களுக்கு. அதாவது அங்கே அப்போதே அதிகாரிகள் இருந்தார்கள்.

ஈரமண்

மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. காயல் கரையில் ஆல்டினோ என்ற ரோமானிய நகரம் இருந்தது. டோர்செல்லோவுக்குப் போனவர்களின் தாய் ஊர். இன்று அங்கே ஊரே கிடையாது, வயல்தான். 2007 ஜூலையில் கடும் வறட்சி. அப்போது விமானத்திலிருந்து அகச்சிவப்புக் கதிரிலும் படம் எடுத்தார்கள். மக்காச்சோளமும் சோயாவும் பயிரிட்ட நிலம் அது. கீழே கல்லும் செங்கல்லும் இருக்கும் இடத்தில் பயிர் சீக்கிரம் வாடும். பழைய கால்வாய், பள்ளம் இருந்த இடத்தில் ஈரம் நின்று பயிர் செழிப்பாக இருக்கும். அந்த நிற வேறுபாட்டிலேயே நகரத்தின் வரைபடம் முழுதாக விழுந்துவிட்டது. மதில், தெருக்கள், நாடக அரங்கு, வட்டரங்கு, சந்தைச் சதுக்கம் எல்லாம். 2009இல் அதை வெளியிட்டார்கள்.

அதில் என்னை நிறுத்திவைத்தது நகரத்தின் நடுவே ஓடும் ஒரு பெரிய கால்வாய். அங்கிருந்து போனவர்களுக்குத் தண்ணீரோடு வாழ்வது புதிதல்ல. அடித்தளம் போடுவது, கால்வாய் வெட்டுவது, படகு ஓட்டுவது எல்லாம் கையோடு கொண்டுபோன வித்தை. கல்லையும் கொண்டுபோனார்கள். ஆல்டினோவின் செங்கல்லும் பளிங்கும் பெயர்த்தெடுக்கப்பட்டுக் காயல் கட்டடங்களில் ஏறின. அதனால்தான் கரையில் இன்று வயல் மட்டும் மிச்சம்.

வெனிஸின் நடுவே புனித மார்க் பேராலயத் தரைக்கு அடியில் துளையிட்டு மண் எடுத்தபோது பீச் பழக்கொட்டைகள் கிடைத்தன. கரிமக் கணிப்பில் 650க்கும் 770க்கும் இடைப்பட்டவை. அந்த இடத்தில் ஒரு கால்வாய் இருந்து, பின்னர் நிரப்பப்பட்டிருக்கிறது. தலைமையிடம் ரியால்டோவுக்கு வரும் முன்பே அங்கே யாரோ வாழ்ந்து, பழம் தின்று, கொட்டையை வீசியிருக்கிறார்கள்.

புதுப்பாய்மரம்

தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன், மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டு கேள்வி. சுற்றிலும் உப்புத் தண்ணீர், குடிக்க என்ன செய்தார்கள்? அந்த மரங்கள் ஏன் அழுகவில்லை?

ஈரமண்

குடிக்க மழைத்தண்ணீர்தான். பள்ளம் தோண்டி, சுற்றிலும் களிமண் பூசுவார்கள், உப்பு நீர் கசிந்து வராமல் இருக்க. உள்ளே மணலை நிரப்பி, நடுவில் செங்கல் உறை இறக்குவார்கள். முற்றத்தில் விழும் மழை ஓரத்துத் துளைகள் வழியாக இறங்கி, மணலில் வடிந்து, உறைக்குள் ஊறும். போதாதபோது பிரெண்டா ஆற்றிலிருந்து படகில் நன்னீர் வரும்.

மரம் காற்றுப் படாமல் சேற்றுக்குள் புதைந்திருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. ஓக், ஆல்டர் போன்ற மரங்களை நெருக்கமாக அடித்து, மேலே பலகை பரப்பி, அதன் மேல் உப்புநீர் ஏறாத இஸ்திரியக் கல்லை வைப்பார்கள். ஆனால் இதெல்லாம் பெருங்கட்டடம் வந்த பிறகு. தொடக்க கால வீடுகள் மரமும் நாணலும்தான். சுற்றுலாப் படத்தில் பார்க்கும் மாளிகைகளை மனதில் வைத்துக்கொண்டு 8ஆம் நூற்றாண்டைக் கற்பனை செய்ய வேண்டாம்.

பழம்பட்டயம்

சரி, ஆட்சிக்கு வருவோம். வெனிஸின் ஆட்சித்தலைவருக்கு டோஜ் என்று பெயர். முதல் டோஜ் 697இல் பாவ்லுச்சோ அனாஃபெஸ்டோ, மக்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மரபு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் எக்ஸார்க் பவுலுஸ் ஆக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் ஆள் ஓர்சோ, 726, 727 வாக்கில். பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவ வழிபாட்டைத் தடை செய்ய முனைந்தபோது பைசாந்திய இத்தாலி முழுதும் கிளர்ச்சி வெடித்தது. படைகள் தங்கள் தலைவர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தன. ஓர்சோ அந்த அலையில் வந்தவர்.

737இல் அவரைக் கொன்றார்கள். பிறகு ஐந்து ஆண்டுகள் டோஜே இல்லை, ஆண்டுக்கு ஒரு படைத்தலைவர். 742இல் ஓர்சோவின் மகன் தெயோடாட்டோ பதவிக்கு வந்து, தலைமையிடத்தை எராக்கிளேயாவிலிருந்து மாலமொக்கோவுக்கு மாற்றினார். அவரைக் கண்ணைக் குருடாக்கி இறக்கினார்கள். அவரை இறக்கிவிட்டு டோஜ் ஆன கல்லா என்பவருக்கும் அதே கதி. அடுத்து வந்த மொனெகாரியோவுக்கும் அதே கதி. மூன்று டோஜ்கள் தொடர்ந்து கண் இழந்தார்கள். அமைதிக் குடியரசு என்று பின்னாளில் பட்டம் சூட்டிக்கொண்ட ஊரின் தொடக்கம் இப்படித்தான் இருந்தது. எராக்கிளேயாக்காரன், மாலமொக்கோக்காரன், பைசாந்தியத்தின் ஆள், லொம்பார்டுகளின் ஆள் என்று தீராத பகை.

நீர்வழி

அந்தப் பகைதான் பிப்பினை உள்ளே கொண்டுவந்தது. 774இல் பிராங்கிய அரசர் சார்லமேன் லொம்பார்டு அரசை முடித்துவிட்டார். இத்தாலிக்கு அவர் மகன் பிப்பின் அரசன். காயலில் ஒபெலேரியோ, பெயாட்டோ என்ற சகோதரர்கள் டோஜ்களாக இருந்துகொண்டு பிராங்கியர் பக்கமும் பைசாந்தியர் பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தார்கள். 810இல் பிப்பின் படையெடுத்தார்.

யார் வென்றார்கள்? பிராங்கிய அரசவைக் குறிப்பைப் படித்தால் பிப்பின் நிலத்திலும் நீரிலும் தாக்கி வெனிஸை அடக்கினார், டோஜ்கள் சரணடைந்தார்கள். 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் எழுதியதைப் படித்தால் ஆறு மாத முற்றுகை, வெனிஸ்காரர்கள் கப்பல் மரங்களைக் கொண்டு நீர்வழியை அடைத்தார்கள், நீ என் குடி என்று பிப்பின் சொன்னபோது ரோமானியப் பேரரசருக்கே குடியாக இருப்போம் என்றார்கள். பிறகு அதே கான்ஸ்டன்டைன், ஆண்டுக்கு 36 பவுண்டு வெள்ளி கொடுக்க இணங்கினார்கள் என்றும் எழுதுகிறார். வென்றவன் கப்பம் கட்டுவானா? மாலமொக்கோ போன்ற வெளித்தீவுகள் விழுந்தன, உள்ளே ரியால்டோ விழவில்லை, பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள் என்றுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்க முடிகிறது. பிப்பின் அதே ஆண்டு ஜூலையில் இறந்தார்.

ஆழம் தெரியாமல் காயலுக்குள் வரும் படகு, நீர் வடியும்போது சேற்றில் உட்கார்ந்துவிடும். மாலமொக்கோ கடலைப் பார்த்த மணல்திட்டில் இருந்தது. ரியால்டோ காயலின் நடுவே. அக்னெல்லோ பார்ட்டிசிபாட்சியோ டோஜ் ஆனதும் தலைமையிடத்தை அங்கே கொண்டுபோனதற்குக் காரணம் இதுதான். 812 ஆஹன் உடன்பாட்டில் சார்லமேன் வெனிஸைப் பைசாந்தியத்துக்கே விட்டுக்கொடுத்தார். தனக்குப் பேரரசர் பட்டத்துக்கான ஒப்புதல் கிடைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. வெனிஸ்காரர்களுக்குத் தூரத்தில் ஒரு எசமான், பக்கத்தில் ஒரு சந்தை. இதைவிட நல்ல இடம் வணிகனுக்குக் கிடையாது.

முத்துச்சிப்பி

உப்பு, மீன், படகு என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். அந்தச் சந்தையில் என்ன விற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர்களை விற்றார்கள்.

போப் சக்கரியாஸ் 741 முதல் 752 வரை இருந்தவர். அவர் வரலாற்றிலேயே இருக்கிறது: வெனிஸ் வணிகர்கள் ரோம் சந்தையில் ஆணும் பெண்ணுமாக அடிமைகளை வாங்கி ஆப்பிரிக்காவுக்கு ஏற்றத் தயாரானார்கள். போப் தடுத்து, விலையைக் கொடுத்து அவர்களை விடுவித்தார். ரோமிலேயே துணிந்து இதைச் செய்தவர்கள் ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்கே தல்மாசியக் கரையில் பிடிபட்ட ஸ்லாவியர்களை என்ன செய்திருப்பார்கள்? டோஜ்கள் தடை போட்டார்கள். 960இல் மறுபடியும் போட்டார்கள். ஒரே தடையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றால் வணிகம் நிற்கவில்லை என்றுதானே பொருள்?

கப்பல் கட்டும் மரமும் அப்படித்தான். எகிப்திலும் வட ஆப்பிரிக்காவிலும் நல்ல மரம் இல்லை. வெனிஸுக்குப் பின்னால் மலைக்காடு. 971இல் பைசாந்தியம் மிரட்டிய பிறகுதான் மரமும் ஆயுதமும் அங்கே விற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அப்போதும் கிண்ணம், தட்டு மாதிரி சிறு மரச்சாமான்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். கிழக்கின் பட்டும் நறுமணப் பொருளும் வாங்க அவர்கள் கையில் கொடுக்க இருந்தவை இவைதான், அடிமையும் மரமும். இதைச் சொல்லாமல் வெனிஸ் வளர்ந்த கதையைச் சொல்வது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அளத்தூரான்

அக்கா சொல்வதை முழுதும் ஏற்கிறேன். உப்பிலும் இரத்தம் உண்டு. போ என்ற ஆற்றின் முகத்தில் கொமாக்கியோ என்ற ஊர் வெனிஸுக்கு முன்பே பெரிய உப்பு வணிகம் செய்தது. லொம்பார்டு அரசர் லியூட்பிராண்டோடு 715இல் செய்ததாகப் பொதுவாகக் குறிக்கப்படும் ஒப்பந்தமே அவர்களிடம் இருந்தது, எந்தத் துறையில் எவ்வளவு சுங்கம் என்று. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் அந்த ஊரைச் சூறையாடியது, 932இல் மறுபடியும் எரித்தது. கொமாக்கியோ ஜெயித்திருந்தால் இன்று நாம் பேசுகிற ஊர் அதுவாக இருந்திருக்கும்.

மிளகுக்கொடி

அந்தக் கொமாக்கியோ ஒப்பந்தத்தில் சுங்கமாகக் கொடுக்க வேண்டியவற்றில் உப்போடு, எண்ணெயோடு, மிளகும் வருகிறது! அந்தக் காலத்தில் மிளகு விளைந்து கப்பல் ஏறியது நம் மேற்குக் கரையில். மலபாரின் மிளகு எத்தனையோ கை மாறி, 8ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் ஆற்றுத்துறையில் வரியாக வாங்கப்பட்டிருக்கிறது. இருண்ட காலம், வணிகமே செத்துப்போன காலம் என்று பள்ளியில் படித்ததை நான் இந்த ஒரு வரிக்காகவே நம்புவதில்லை.

பழம்பட்டயம்

வணிகம் செத்துப்போகவில்லை என்பதற்கு இன்னொரு சான்று, டோஜ் ஜுஸ்டினியானோ பார்ட்டிசிபாட்சியோ 829இல் எழுதிய உயில். நிலம், வீடு எல்லாவற்றோடும், கடலில் வணிகத்தில் போட்டிருக்கும் 1,200 பவுண்டு பணத்தையும் சேர்க்கிறார், பத்திரமாகத் திரும்பி வந்தால் என்ற நிபந்தனையோடு. ஆட்சித்தலைவரே கப்பலில் முதல் போட்டிருக்கிறார். அந்த நாளைய ஐரோப்பிய அரசர்களின் செல்வம் நிலத்தில் இருந்தபோது இவருடையதில் ஒரு பகுதி தண்ணீரில் இருந்தது.

அதே உயிலில்தான் புனித மார்க்குக்குக் கோவில் கட்டச் சொல்கிறார். மார்க் கதை எல்லாருக்கும் தெரியும்: 828இல் புவோனோ, ருஸ்டிகோ என்ற இரு வணிகர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து புனிதரின் உடலை எடுத்து, முஸ்லிம் சுங்கக்காரர்கள் தொடாமல் இருக்கப் பன்றி இறைச்சியால் மூடிக் கொண்டுவந்தார்கள். யாரும் சொல்லாதது முந்தைய ஆண்டு நடந்தது. 827 மாந்துவா சபையில், காயலின் கிராடோ திருச்சபை கரையிலிருக்கும் அக்விலேயாவுக்குக் கீழ்ப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. அக்விலேயா திருச்சபையை நிறுவியவர் மார்க் என்பது அக்விலேயாக்காரர்கள் வாதம். அடுத்த ஆண்டே மார்க் வெனிஸில்! உடலைக் கிராடோ பேராயருக்கும் கொடுக்கவில்லை, ஊர் ஆயருக்கும் கொடுக்கவில்லை. டோஜின் சொந்தக் கோவிலில் வைத்தார்கள். புனிதர் அரசின் சொத்தானார்.

புதுப்பாய்மரம்

அப்படியானால் வெனிஸ் எப்போது தனி நாடானது? ஒரு ஆண்டு சொல்லுங்களேன்.

பழம்பட்டயம்

என்னைக் கேட்டால் 840. பிராங்கியப் பேரரசர் லோத்தாரோடு செய்த ஒப்பந்தத்தை டோஜ் தன் பெயரிலேயே செய்துகொண்டார். கான்ஸ்டான்டினோபிளைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

நீர்வழி

அவ்வளவு முன்னால் போக மாட்டேன். 976இல் டோஜ் நான்காம் பியெத்ரோ காண்டியானோவை அரண்மனைக்கே தீ வைத்து வெளியே வரவைத்து, கைக்குழந்தையோடு சேர்த்துக் கொன்றார்கள். மார்க் கோவிலும் அந்தத் தீயில் போனது. ஊர் தானே தன்னை அழித்துக்கொள்ளும் நிலை. அங்கிருந்து தூக்கி நிறுத்தியவர் டோஜ் இரண்டாம் பியெத்ரோ ஓர்செயோலோ. 992இல் அவர் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பாசிலிடம் வாங்கிய சாசனம்: கான்ஸ்டான்டினோபிளுக்குப் போகும் நீர்வழியில் இருந்த அபிதோஸ் சுங்கச்சாவடியில் வெனிஸ் கப்பலுக்கு உள்ளே போக 2 சோலிடஸ் பொற்காசு, திரும்பும்போது 15. அதற்கு முன் 30க்கு மேல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு, பேரரசின் படையை இத்தாலிக்கு ஏற்றிச்செல்லக் கப்பல் தர வேண்டும். 1000இல் அவரே கப்பற்படையோடு போய்த் தல்மாசியக் கரை நகரங்களைப் பணியவைத்தார். இவ்வளவு செய்தவரும் அந்தச் சாசனத்தைப் பேரரசின் குடி என்ற நிலையில்தான் வாங்கினார்.

1082ஐ ஒட்டிப் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் கொடுத்த சாசனத்தைப் பாருங்கள். தென் இத்தாலியைப் பிடித்திருந்த நார்மானியரை எதிர்க்க வெனிஸின் கப்பல் இல்லாமல் பேரரசரால் முடியவில்லை. பேரரசின் துறைமுகங்களில் சுங்கமே வேண்டாம், தலைநகரில் கடைகளும் படகுத்துறையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். பைசாந்தியத்தின் சொந்த வணிகர்களே சுங்கம் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சாசனத்திலும் வெனிஸ்காரர்களைத் தன் உண்மையான ஊழியர்கள் என்றே குறிப்பிடுகிறார். வெனிஸ் அதை மறுக்கவில்லை. சுங்கவிலக்கு கையில் இருக்கும்போது மறுக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. அதனால் ஒரு ஆண்டு கேட்டால் என்னிடம் இல்லை, தம்பி.

முத்துச்சிப்பி

1082க்குப் பிறகு கான்ஸ்டான்டினோபிளில் வெனிஸ் குடியிருப்பு எப்படி வளர்ந்தது, 1171இல் பேரரசர் மனுவேல் ஒரே நாளில் அத்தனை வெனிஸ்காரர்களையும் ஏன் சிறைபிடித்தார் என்பதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். அங்கே வாருங்கள்.